யாரும் சாகாத நாவல்

இன்று காலை உறுதியான செய்தி: அந்த நாவல் கிடைத்துவிட்டது. தகவல் தந்தது அக்காவின் மகள். பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டுபிடித்து, அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.

படத்தைப் பார்த்ததும் காதில் டம்ளர் சத்தம்...

அறுபதுகளின் கடைசி. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு, தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையிலிருந்து செய்தி அனுப்பும் வேலை எனக்குப் புதிது. தங்கியிருந்தது, சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான அக்காவின் லைன் வீட்டில். அக்கா புருஷனுக்கு, என் மாமாவுக்கு, சுரங்கத்துக்குள் வேலை.

கீழே எங்காவது பாறை வெடித்தால் மேலே எங்கள் அலமாரியில் டம்ளர்கள் இடித்துக்கொள்ளும். உடனே லைன் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்த ஆழத்து லெவல், யார் ஷிப்ட் என்று தெரியும்வரை உள்ளே போகமாட்டார்கள். அக்கா மட்டும் வரமாட்டாள். ஒரு நாவலை எடுத்து வைத்துக்கொண்டு, மாமா வரும்வரை படிப்பாள்.

அதனால் ஒரே நிபந்தனை. கதையில் யாரும் சாகக் கூடாது.

வாடகைக்குப் புத்தகம் விடும் துரைசாமிக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாப்பா, எல்லாரும் அழுவுற கதையா குடுன்றாங்க. உங்க அக்கா ஒருத்திதான் இப்படி."

"இருந்தா குடுங்கண்ணே."

"சமையல் புஸ்தகம் எடுத்துக்கினு போ. அதுலயும் கோழி சாவுது, பாத்துக்கோ."

கடையில் நின்று முழுதும் படிக்க முடியாது. கடைசிப் பக்கம் பார்ப்பேன். கல்யாணத்தில் முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

அப்படி எடுத்துவந்த ஒன்றைத்தான் அக்கா அந்த மத்தியானம் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது வந்த அதிர்வில் டம்ளர் ஒன்று கீழேயே விழுந்தது. மாமா உள்ளே. ஷிப்ட் முடிந்தும் ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரவில்லை என்று வாசலில் பேச்சு. சுரங்க வாயான ஷாஃப்ட் வரை போய் நின்றேன். திரும்பினேன். மறுபடி போனேன்.

வந்து பார்த்தால் அக்கா அதே பக்கத்தில் இருந்தாள். கதாநாயகியின் அண்ணன் விஷ ஜுரத்தில் கிடக்கிறான்.

"இவன் பொழைப்பானாடா?"

நான் பார்த்த கடைசிப் பக்கத்தில் அந்த அண்ணன் பெயரே இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"தெரியலக்கா."

"பேப்பர்காரனாட்டம் பேசாத. பொழைப்பான்னு சொல்லுடா!"

"பொழைச்சிக்குவான்கா."

அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். முதல் தடவையாக வாசலில் போய், மற்றப் பெண்களோடு நின்றாள்.

இருட்டுமுன் மாமா தெருமுனையில் தெரிந்தார். உடம்பெல்லாம் தூசி.

"இன்னாத்துக்கு எல்லாம் தெருவுல நிக்கிறீங்க? சோறு ஆக்கலயா?"

"ஆக்கி ஆறிப்போச்சி. அதையே துன்னு," என்றாள் அக்கா.

மறுநாள் புத்தகம் கடைக்குத் திரும்பியது. மிச்சத்தை அவள் படிக்கவில்லை. நானும்தான்.

இப்போது நம் வாசகர் குழுவில் யாராவது 'மனசுக்கு இதமா ஒரு நாவல் சொல்லுங்க' என்று கேட்டால், சாயங்காலத்துக்குள் எத்தனையோ பெயர் வந்துவிடுகிறது. சாவு இருந்தால் முன்னாடியே எச்சரிக்கையும் போடுகிறீர்கள். சுரங்கம் மூடியாகிவிட்டது. மாமா பென்ஷன் வாங்கி, பேரன் கல்யாணம் பார்த்து, போன வருஷம் தூக்கத்திலேயே போனார். அதற்குப் பிறகுதான் அக்கா இந்த நாவலைத் தேடச் சொன்னாள்.

"முடிவ மட்டும் பாத்துச் சொல்லேன்" என்று அக்கா மகளிடம் காலையில் போனில் கேட்டேன். பக்கத்திலிருந்த அக்கா என்னிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ரெண்டு பேரும் தொடக் கூடாது. நானே படிச்சிக்கறேன்."

அக்காவுக்கு இப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கண்ணாடி அடுத்த மாதம்தான் என்கிறார் டாக்டர். அதுவரை அந்த அண்ணன் ஜுரத்தில்தான் கிடக்கிறான்.