தொட்டி தின்ற படுக்கையறை

"காட்டோரமா வாங்கின நிலத்துல ஒரு சின்ன வீடு கட்டப் போறேன். நீதான் படம் போட்டுக் குடுக்கணும்," என்றார் பெரியப்பா.

கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடும் அவர் தம்பி மகள், எத்தனை அறை என்று கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல தண்ணி எங்க விழுது, எங்க போகுதுன்னு குறிச்சுக்க."

"கரண்டு?"

"சோலார். ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது. இடிச்ச கட்டடத்துப் பலகை, மண் செங்கல், அவ்வளவுதான்."

"பெரியம்மா சம்மதிச்சாச்சா?"

"உங்க பெரியம்மா நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா," என்றார், அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

முப்பத்தைந்து வருடம் பிளம்பராக இருந்தவர். 'சொட்டு' என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கை கழுவும் குழாயைத் திருகிப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்ப்பார். பெரியம்மா இல்லாமல் ஒரு நாள்கூட இருந்து பழகாதவர். பெரியம்மா வந்தால்தான் அவருக்கு அது வீடு.

கூரை மழைநீர் தொட்டிக்கு, தொட்டி நீர் குளியலுக்கு, குளித்த நீர், அழுக்கை வடிகட்டும் நாணல் பாத்தி வழியாகக் காய்கறிக்கு. ஒவ்வொரு வாரமும் கோடைக்குப் போதாது என்று தொட்டியைப் பெரிதாக்கச் சொன்னார். படுக்கையறை சுருங்கிச் சுருங்கி மூன்றாவது வாரம் காணாமலே போனது. தம்பி மகள் அதைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தாள். அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தண்ணீரின் பின்னாலேயே வீடு முழுக்கச் சுற்றி வந்தாள்.

"தண்ணி ராஜா மாதிரி சுத்தி வருது. நாம எங்க படுக்கறது?"

பெரியப்பா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தொட்டி மேல பாய் விரிச்சுக்கலாம். சில்லுனு இருக்கும்."

"இத்தனை வருஷம் குழாயோடதானே குடும்பம் நடத்தினீங்க? அங்கயும் அதோடவே இருங்க. நான் வரலை."

பெரியம்மா எழுந்து போனாள். அடுக்களைக்குள் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே உருண்டன.

பெரியப்பா ரப்பரை எடுத்துத் தொட்டியில் பாதியைத் தானே அழித்தார். பிறகு தம்பி மகள் பக்கம் குனிந்தார்.

"அம்மாடி, படுக்கற எடத்துல ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு நீயே போய் உங்க பெரியம்மாகிட்ட கேளு. நான் கேட்டா சண்டையில முடியும். அவ சொல்றதை முதல்ல போடு, குழாயை நான் வளைச்சுக்கறேன்."