இடப்பக்கத்துக் கண்ணாடி

மரக்காணம் உப்பளத்துக்கு வந்துபோகும் லாரிகளில் சகாயராஜ் ஓட்டிய வண்டியில் மட்டும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஏறிக்கொள்ளலாம். ஆனால் இறங்குவதற்குள் இயேசுவைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும். அதனால் மூட்டை ஏற்றுகிறவர்கள் அவனுக்கு ‘சாட்சி’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

“ஏம்பா சாட்சி, இன்னிக்கி எவன் மாட்டப் போறான்?” என்று மேஸ்திரி அசோகன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே தினமும் கேட்பான்.

“நீதான் ஏறேன். கூனிமேடு போறதுக்குள்ள ஒன்ன அவருகிட்ட சேத்துடறேன்.”

“ஒன் வண்டில ஏறினா நேராவே சேந்துடலாம், பிரசங்கம் எதுக்கு?” என்பான் அசோகன். சகாயராஜும் சேர்ந்து சிரிப்பான்.

ஒருகாலத்தில் பெருங்குடிகாரனாக இருந்தவன் அவன். குடியை விட்டு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கொத்தனார்கள், காலேஜ் பையன்கள், கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் என்று எவர் ஏறினாலும் தான் மனம் மாறிய கதையை, தன் சாட்சியை, அவன் சொல்லாமல் விட்டதில்லை. “நான் ஒரு கொலகாரன்” என்றுதான் தொடங்குவான். அதைக் கேட்டபிறகு எவருக்கும் தூக்கம் வராது.

இடத்தையும் வருஷத்தையும் மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஜெயில். வீட்டில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். கூனிமேட்டைத் தாண்டியதும் ஒரு சவுக்குத்தோப்பு வரும். அங்கே யார் கைகாட்டினாலும் அவன் வண்டி நின்றதில்லை.

சுனாமி வந்துபோன மறு ஐப்பசி அது. உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடிவிட்டார்கள். கடலுக்கு மேலே வானம் கன்னங்கரேலென்று தொங்கியது. காற்றே இல்லை. பாத்திகளில் நின்ற தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. சாலை ஓரத்தில் வெறும் மீன்கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும்.

“பஸ்காரன் கூடைய ஏத்தமாட்டேன்னுட்டான். நாறுதாம். கூனிமேடு வரைக்கும் வுட்டுடு டிரைவரே.”

“ஏறுக்கா. கூடைய கால்கிட்ட வெச்சுக்க. பேரு?”

“தனகோடி.”

“சுனாமில சேதம் ஒண்ணும் இல்லியே?”

“எங்கூட்டுல எடுத்துகினு போறதுக்கு என்னா இருக்குது? அதுக்கு அஞ்சு வருசம் முந்தியே எல்லாம் போயிடுச்சு.”

துக்கப்பட்டவள். இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லத்தானே ஆண்டவர் தன்னை இந்த சீட்டில் உட்கார வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது சகாயராஜின் மனசு இளகியது.

“அக்கா, நான் ஒரு கொலகாரன்” என்று ஆரம்பித்தான். “நல்ல மழ. பட்டப்பகல்லயே குடிச்சிட்டு ஓட்டிகினு வர்றேன். பின்னாடி ஐஸ் பெட்டி கட்டிகினு சைக்கிள்ல ஒருத்தர் போறாரு. அடிச்சிட்டேன். நிறுத்தலக்கா. எடப்பக்கக் கண்ணாடில பாத்தேன். ரோட்டுல கெடந்தவரு கையத் தூக்கினாரு. உயிரோட இருந்தாரு. என்னக் கூப்புட்டாரு. அப்பவும் நான் நிறுத்தல.”

வழக்கம்போல இங்கே நிறுத்தி மூச்சு விட்டான். இந்த இடத்தில் எல்லோரும் “அய்யோ” என்பார்கள். இவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி எக்கியார்குப்பம் திருப்பத்தைத் தாண்டியது.

“அப்பேர்ப்பட்ட பாவியயே இயேசு மன்னிச்சாருக்கா. ஒங்க கண்ணீர அவரு தொடைக்க மாட்டாரா?”

“பெட்டி என்னா கலரு?” என்றாள் தனகோடி.

“நீலம்.”

யோசிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரிய பெரிய மழைத்துளியாக நாலைந்து முன்கண்ணாடியில் விழுந்து நின்றுபோயின. கூனிமேடு வந்தது. பள்ளிவாசலைத் தாண்டி ஓரங்கட்டப் போனான்.

“நிறுத்தாத. தோப்பாண்ட போ.”

அவன் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. வண்டி போய்க்கொண்டிருந்தது.

“ஒடனே போயிட்டாருன்னு சொன்னாங்க” என்றாள் அவள், சாலையைப் பார்த்துக்கொண்டே. “தூக்கிகினு வந்தவங்க, போலீசு, எல்லாருந்தான். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது தனகோடி, ஒரு நிமிசங்கூட இல்லன்னு. அத ஒண்ணத்தான் ஆறு வருசமா புடிச்சுகினு இருக்கேன். எங்கூட்டுக்காரரு கையத் தூக்கினாரா? ஒன்னக் கூப்புட்டாரா?”

சகாயராஜ் வேகத்தைக் குறைத்தான்.

அந்தக் கை, முதல் தடவை சாட்சி சொன்னபோது இல்லை. ஜெபவீட்டில் முதலில் எழுந்து நின்றபோது, ஒருத்தரை அடித்துவிட்டு ஓடிவந்தேன் என்று மட்டும்தான் சொன்னான். பாதிப்பேர் கவனிக்காமல் விசிறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, எங்கிருந்தோ அந்தக் கை வந்தது. பெண்கள் அழுதார்கள். ஒரு வயசான சகோதரர் மண்டியிட்டுத் தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். அப்புறம் கையை விட முடியவில்லை. கடைசியில் அவன் கனவிலேயே அது வர ஆரம்பித்தது.

“அக்கா, அது பொய்” என்றான். “நான் பாக்கவேயில்ல. அன்னிக்கி ஒங்க பக்கத்துக் கண்ணாடியே கெடையாது. ஒடஞ்சுபோயி வெறும் சட்டந்தான் இருந்துது. கேக்கறவங்க மனசு எறங்கணும்னு நானாத்தான் சேத்துகினேன். கர்த்தர் மேல சத்தியமா.”

அவள் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எத்தினி பேருகிட்ட சொன்ன?”

“எரநூறு முந்நூறு பேரு இருக்கும்.”

“அத்தினி பேருகிட்டயும் கை தூக்கினாரு. எங்கிட்ட மட்டும் தூக்கலியா?”

“நெஜமாவேக்கா.”

“என்ன சமாதானப்படுத்தறியா? இல்ல, தப்பிச்சுக்கப் பாக்கறியா?”

அந்தக் கை வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். இன்றைக்குத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. உடனே போயிட்டார் என்ற அந்த ஒரு வார்த்தையை அவளிடமிருந்து எடுத்துவிட்டான். இனி யாராலும் திருப்பித் தர முடியாது.

“இயேசு மன்னிச்சிட்டாருன்ன. எங்கள வந்து யாரும் கேக்கலியே” என்றாள் தனகோடி. “நிறுத்து.”

சவுக்குத்தோப்பு. ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக அவன் அங்கே பிரேக் போட்டான். அவள் கூடையை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினாள். வண்டி ஓரமாகவே பின்பக்கம் நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரைப் போட்டுக் காலை அழுத்தினால் போதும். புதுச்சேரி அரைமணி நேரம்தான். அவன் கை கியருக்குப் போனது.

இடப்பக்கத்துக் கண்ணாடி இப்போது புதுசு. அதில் தனகோடி தெரிந்தாள். தோப்பில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆம்பளைகளைப் பார்த்து, “டேய், எல்லாரும் வாங்கடா!” என்று கத்தினாள். கையைத் தூக்கினாள். ஒவ்வொருவனாக வலையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

சகாயராஜ் கடைசிவரை பார்த்தான். பிறகு கியரிலிருந்து கையை எடுத்து எஞ்சினை அணைத்தான்.