படியை உடைத்த தெரு

1830-ஆம் ஆண்டு ஜூலைப் புரட்சிப் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் சிரிப்பார்கள். பாரிஸ் மக்கள் தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்துக் குறுக்கே அடுக்கி, மூன்று நாள் சண்டை போட்டு, செத்து, ராஜாவை நாட்டைவிட்டே விரட்டுகிறார்கள். விரட்டிவிட்டு யாரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள்? அவருடைய பங்காளியை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கும் எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைக்குப் பக்கம். அம்மன் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவது பெரிய வீட்டுக்காரர் தலைக்கு மட்டும்தான். சாமி சப்பரம் மேலத்தெருவையும் நடுத்தெருவையும் சுற்றிவிட்டு, தண்ணீர்த்தொட்டி முனையில் திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் கீழத்தெரு கூப்பிடு தூரம். நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போய்த்தான் கும்பிட வேண்டும். பெரிய வீட்டுக்காரரிடம் கேட்டால், தெரு குறுகல், சப்பரம் நுழையாது என்பார்.

அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. முனைவரை நடக்க முடியாது. சாவதற்குள் ஒரு தடவையாவது சொந்த வாசலில் நின்று சாமிக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

போன வருடத் திருவிழாக் கூட்டத்தில் எங்கள் தெரு ஆட்கள் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார்கள். பெரிய வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. கீழத்தெருவில் இனி வரி வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியூர்க்காரருக்கு இது லாபம் போலத் தெரியும். எங்கள் பக்கம் திருவிழா வரி வாங்கவில்லை என்றால், நீ இந்த ஊர்க்காரனே இல்லை என்று அர்த்தம். பாரிஸிலும் அந்த ராஜா நிறையப் பேரின் ஓட்டுரிமையைப் பிடுங்கக் கையெழுத்துப் போட்டபோதுதான் வினை தொடங்கியது. ரொம்ப நாள் மேலே உட்கார்ந்திருந்தால் எல்லோருக்கும் புத்தி ஒரே பக்கம்தான் போகும் போலிருக்கிறது.

தெருவே கோயில் வாசலில் போய் உட்கார்ந்தது. அங்கேயே உலை வைத்தார்கள். மற்ற தெருக்களிலிருந்தும் சிலர் வந்து சேர்ந்தார்கள். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது. கடைசியில் பெரிய வீட்டுக்காரர் ரத்தக் கொதிப்பு என்று திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் வெடி போட்டோம்.

அப்போதுதான் அவருடைய சித்தப்பா மகன், இனி திருவிழாவை நான் நடத்துகிறேன் என்று முன்னால் வந்தார். மொபெட்டில் வருவார், எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். பாரிஸின் புது ராஜாவும் கையில் குடையோடு தெருவில் நடந்து, கண்டவர்களுக்கெல்லாம் கை கொடுப்பாராம். இதை வருடா வருடம் தொண்டை கட்ட நடத்துகிறவன் நான். ஆனாலும், அண்ணன் செய்தது தப்புத்தான் என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெருவ மட்டும் கொஞ்சம் அகலமாக்கிக் குடுங்க. சாமிய நான் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

அகலமாக்க அங்கே என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் வாசல் படிகள்தான். மறுநாளே கடப்பாரை எடுத்தோம். ஒரு வீடு விடாமல் அவரவர் படியை அவரவரே உடைத்தோம். எங்கள் வீட்டுப் படி அப்பா கட்டியது. அம்மா வாசலில் உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் எடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளால் தெருவில் இறங்க முடியவில்லை. நானோ என் மனைவியோ தூக்கித்தான் இறக்கினோம். திருவிழா வரட்டும் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

வரியை இந்த முறை எங்கள் தெருவில்தான் முதலில் வாங்கினார்கள். அந்தப் பங்காளி தலைக்குப் பரிவட்டம் கட்டும்போது மைக்கில் பெரிய வீட்டுப் பரிவட்டம் என்று சொல்லவில்லை. ஊர் மக்கள் சார்பாகக் கட்டும் பரிவட்டம் என்றார்கள். பிரான்ஸிலும் அப்படித்தான். பிரான்ஸின் ராஜா என்று இருந்த பட்டத்தைப் பிரெஞ்சு மக்களின் ராஜா என்று மாற்றினார்கள். தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி.

சாயங்காலம் கொட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. அம்மா புதுச் சேலை கட்டி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் தேங்காய், பழம், சூடம். சப்பரம் தண்ணீர்த்தொட்டி முனையில் நின்றது. தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றினார்கள். பிறகு பழையபடியே திரும்பியது.

ஓடிப்போய்க் கேட்டேன். பங்காளி என் தோளில் கை போட்டார். மேலத்தெருவில் சங்கடப்படுகிறார்கள், முதல் வருடமே எதற்கு மனக்கசப்பு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனுஷன் கோபமாகக்கூடப் பேசவில்லை. பழையவரிடம் சண்டையாவது போட முடிந்தது.

மறுபடியும் கோயில் வாசலில் போய் உட்காரத் தெருவில் ஒருவருக்கும் தெம்பில்லை. பாரிஸில் அந்தப் பங்காளியையும் பின்னால் விரட்டினார்கள். கொஞ்ச வருடத்தில் ஒரு சக்கரவர்த்தி வந்து உட்கார்ந்தார். அதையும் நான்தான் நடத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டைக் கீழே வைத்திருந்தாள். அடுத்த வருடம் கட்டாயம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வராது அப்பு. நீ படியக் கட்டிரு, நான் எறங்கணும்" என்றாள்.

கொத்தனார் வந்தார். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறைத்து, முன்பு இருந்ததைவிட ஒரு படி கூடுதலாகத் தெருவுக்குள் இறக்கிக் கட்டினார். அக்கம்பக்கத்தாரும் பார்த்துவிட்டு அப்படியே கட்டிக்கொண்டார்கள். இப்போது எங்கள் தெரு உண்மையிலேயே குறுகல்தான். சப்பரம் நுழையாது.