பொறியியலாளர் ஓடிப்போகவில்லை

ஓ.எல். வரை மட்டுமே படித்தவள் நான். ஒரு பொறியியலாளரைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். இதை எழுத வேறு யாரும் இல்லை.

சுவிஸில், மலைகள் சூழ்ந்த கூர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்கிறேன். மூன்றாம் மாடியில் தொண்ணூறு வயது அம்மையார் ஒருவர் இருந்தார். அவருடைய அம்மம்மாவின் தகப்பன், விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயர், சுரங்கப் பொறியியலாளர். அந்த மனிதர் வேலை செய்த இடங்களை அம்மையார் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். இங்கிலாந்தில் தகரச் சுரங்கம். பிறகு இந்த மலைகளில் ஒன்று, இங்கேதான் கல்யாணம். அது மூடப்பட்டதும் ஸ்பெயின். கடைசியாக இலங்கை, குருநாகல் பக்கம் பென்சில் கரி தோண்டும் சுரங்கம். அதற்குக் கீழே வெறுமை.

"நீங்கள் இலங்கைதானே?" என்று கேட்டார். "மனைவியையும் பிள்ளையையும் விட்டு ஓடினார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அது உண்மையா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்."

நான் யாழ்ப்பாணம்; குருநாகலை பஸ் யன்னலால் மட்டுமே பார்த்தவள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அங்கே கடை வைத்திருக்கும் மச்சானுக்கு, அந்த மனிதர் இலங்கையிலிருந்து மனைவிக்கு எழுதி அம்மையாரிடம் இருந்த கடைசிக் கடிதத்தின் படத்தை அனுப்பினேன். 'வீடு பார்த்துவிட்டேன், மழை விட்டதும் வாருங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. மச்சான் மூன்று ஞாயிறு சேமக்காலைகளில் கல்லறை கல்லறையாக அலைந்து, ஒரு வியாழன் மாலை கல்லறைப் படம் அனுப்பினார். அதே பெயர், அதே தொழில். கடிதம் எழுதிப் பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் இறந்திருக்கிறார்.

அப்போது அம்மையாருக்குச் சளிக்காய்ச்சல்.

"வருத்தக்கார மனுசிக்குச் செத்தவீட்டுச் சேதி சொல்லப் போறியோ? விசரோ உனக்கு?" என்றார் என் கணவர்.

"அந்தாள் செத்து நூறு வரியத்துக்கு மேலயப்பா!"

"செத்தவீடு செத்தவீடுதான். மனுசி எழும்பட்டும், பிறகு சொல்லு."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை யன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஏதாவது வந்ததா?" என்று அம்மையார் கேட்டார். தொலைபேசி என் மேலங்கிப் பையில் இருந்தது.

"இன்னும் இல்லை."

மலையைப் பார்த்தபடி, "அப்படியென்றால் ஓடித்தான் போயிருக்கிறார்" என்றார்.

நான் யன்னலைத் துடைத்து முடித்தேன்.

சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கள் காலை, படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன். கட்டிலில் விரிப்பு இல்லை. ஞாயிறு விடியற்காலை போய்விட்டாராம்.

மறுநாள் அவருடைய மகன் வந்து பெட்டிகளை ஏற்றினார். அந்தத் தாளோடு படத்தையும் கொடுத்தேன். நன்றி சொன்னார். பதினொரு மணிக்கு அந்த அறைக்கு வேறொருவர் வந்தார்.