எதிர்வீட்டுக்கு மஞ்சள் நிறம்

கொல்கத்தாவில் அப்படி என்னதான் வேலை என்று அம்மா போனில் கேட்டபோது, "கரண்ட் மேப்புக்குக் கலர் அடிக்கிறேம்மா" என்றேன். "இதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?" என்றார். நியாயமான கேள்வி. எந்தத் தெருவுக்கு எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் வருகிறது, இப்போது எங்கே இல்லை என்பதை யாரும் இணையத்தில் பார்க்கும்படி வைக்க மின் நிறுவனம் முடிவு செய்திருந்தது. அந்த வேலைதான் நியூ டவுனில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒரு நிறம். சிவப்பும் பச்சையும் இந்த ஊரில் தேர்தல் சமாசாரம் என்பதால் அவற்றைத் தொடவே இல்லை. நீலம், மஞ்சள், ஊதா என்று சமர்த்தாக இருந்துவிட்டேன். என் மேலாளர் இன்றுவரை பாராட்டியது அந்த ஒரு முடிவைத்தான்.

மேப் வெளியானதும், பாலிகஞ்சில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம் பெருமையடிக்கப் போனேன். அவரைக் காக்கிமா என்று கூப்பிடுவேன், நம்மூர்ச் சித்தி மாதிரி. அவர் கணவர், காக்கு, நுரையீரல் நோயாளி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். பழைய இன்வெர்ட்டர் ஒரு விளக்கையும் ஒரு மின்விசிறியையும்தான் தாங்கும். கரண்ட் போனால் சின்ன சிலிண்டர் ஒன்று கொஞ்ச நேரத்துக்கு வரும். அதற்குள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மகள் வீட்டுக்குக் காக்குவைக் கொண்டுபோய்விடுவது என்பது காக்கிமாவின் திட்டம்.

எல்லோரையும் போல அவரும் முதலில் தன் வீட்டைத் தேடினார். நீலம். பிறகு மகள் வீடு. அதுவும் நீலம்.

"ஒரே கலரா அழகா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். வங்காளியில்தான் பேசுவார், என் காதில் அது தமிழாகத்தான் விழும்.

ஒரே நிறம் என்றால் ஒரே டிரான்ஸ்பார்மர், இங்கே போனால் பெரும்பாலும் அங்கேயும் போகும் என்று உற்சாகமாக விளக்கினேன். விளக்கி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. காக்கிமா கட்டிலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கலர் அடிக்கிறது நீதானே? அவ வீட்டை வேற கலரா மாத்திடு."

"கலரை மாத்தினா கம்பி மாறாதே காக்கிமா."

"அப்போ பக்கத்துல எது வேற கலர்?"

பெரிதாக்கிக் காட்டினேன். எங்கள் சந்தின் எதிர்ச்சாரி முழுக்க மஞ்சள். நேர் எதிர்வீட்டில் இருப்பவர் பௌதி; அண்ணி என்று அர்த்தம், தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவருக்கும் காக்கிமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. துர்கா பூஜைப் பந்தலில் காக்கிமா மேற்பார்வையில் வெந்த கிச்சடியை, நாலு பேர் முன்னால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று பௌதி சொல்லிவிட்டார். அதிலிருந்து, அஷ்டமியன்று தெருவே சேர்ந்து பூப்போட்டுக் கும்பிடும் அஞ்சலிக்குக்கூட இருவரும் வேறு வேறு வேளையில்தான் போகிறார்கள்.

"உன் மேப் தப்பு" என்றார் காக்கிமா.

நான் செய்ததில் தப்பு இருப்பது உலக அதிசயமில்லை. அலுவலகத்தில் மூலத் தகவலை எடுத்து வைத்துக்கொண்டு, எங்காவது பிழை இருக்காதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசையோடு தேடினேன். கிடைக்கவில்லை. தெரு, வார்டு, கேபிள் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக அந்த மேப்பில் ஏற்றியிருந்தோம். யார் வாசலை யார் மிதிக்கமாட்டார் என்பதற்கு அடுக்கு இல்லை. தகவல் கையில் இருந்தால் மக்கள் தாங்களே முடிவெடுப்பார்கள் என்று அதன் முதல் பக்கத்தில் ஒரு வரி உண்டு. எழுதியது நான்தான். எப்படிப்பட்ட முடிவு என்று அப்போது யோசித்ததில்லை.

சித்திரை வெயிலில், ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் போனது. எங்கள் சாரி அடங்கிவிட்டது. எதிர்வீட்டு ஏசி மட்டும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. காக்கிமா சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினார். மகளுக்குப் போன் செய்தார். "அங்கேயும் இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். சிலிண்டர் முள்ளை ஒருமுறை பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"கேக்குதா?" என்று எதிரே பார்த்துக் கூப்பிட்டார். பேரும் இல்லை, முறையும் இல்லை.

பௌதி வெளியே வந்தார். காக்கிமாவைப் பார்த்தார்; அறைக்குள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார்.

"ஏய் மதராஸி, என்ன வேடிக்கை? மெஷினைத் தூக்கு. என் வீட்டுப் படி குறுகல், நீ வேற குண்டு. பாத்து ஏறு!"

மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். தெருமுனை கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் காக்குவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். பௌதியின் அறையில் மெஷின் உறுமத் தொடங்கியதும் காக்குவின் தோள்கள் தளர்ந்தன. சற்று நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டார்.

காக்கிமா, எந்த நேரமும் எழுந்துவிடப்போகிறவர் போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பௌதி டீயை வைத்தார். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"எங்க மாமியாரும் இப்படித்தான் மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் பௌதி.

"எனக்குத் தெரியாதா? கூட உக்காந்திருந்தது யாரு?"

"அது எனக்குத் தெரியாதா?"

மறுபடி சுவர். ஆனால் இப்போது இருவரும் ஒரே சுவரை.

டீ முடிந்ததும், "வந்துடுச்சான்னு உன் மேப்ல பாரு" என்றார் காக்கிமா என்னிடம். எங்கள் மேப் எப்போதும் நிஜத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். போனைத் திறந்தேன். எங்கள் நீலத்தின் மேல், கரண்ட் இல்லை என்று காட்டும் கறுப்புக் கோடுகள் இன்னும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே, எங்கள் பால்கனி விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் வரலைன்னுதான் காட்டுது."

காக்கிமா ஜன்னலுக்கு நேர் எதிரேதான் இருந்தார்.

"அப்படியா" என்று சொல்லி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.