நாற்பத்தோராவது பதிவில் ஒரு சொல்

ரூபியின் கைபேசியில் அறுபத்து மூன்று குரல் பதிவுகள் இருந்தன. எல்லாம் கணவன் ஜெனோ கப்பலிலிருந்து அனுப்பியவை. அறுபத்து மூன்றையும் அவள்தான் வக்கீலுக்கு அனுப்பிவைத்தாள். அதில் ஒன்றுதான் ஜெனோவை இன்னும் சிறையில் வைத்திருக்கிறது.

ரூபிக்கு முப்பத்தைந்து வயது. தென்காசி நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டரில் பதினோரு ஆண்டுகளாக மனு அடிக்கிறாள். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வரப்புத் தகராறு. பிறர் துக்கத்தைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. வீடு பாவூர்சத்திரத்தில். மாமனார் அய்யாக்குட்டிக்கு அங்கே காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை. ஜெனோ அந்தக் கடையில் வளர்ந்தவன். டிப்ளமோ முடித்துக் கப்பலுக்குப் போனான். பழமும் மீனும் வரும் குளிர்பெட்டிகளின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

2024 ஜூன் 11. அவன் கப்பல் கரீபியன் தீவு ஒன்றின் துறைமுகத்தில் நின்றது. சுங்கத்துறையினர் நாயோடு ஏறினார்கள். வாழைப்பழம் ஏற்றிய ஒரு குளிர்பெட்டியில், விசிறிக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றினார்கள். எண்பத்தாறு கிலோ கொக்கைன், மூன்று கைத்துப்பாக்கிகள். அந்தத் தகட்டைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் கப்பலில் இரண்டு பேர். ஒருவன் முந்தைய துறைமுகத்திலேயே இறங்கிப்போயிருந்தான். மற்றவன் ஜெனோ. அவனைக் கைது செய்தார்கள். நான்கு நாள் கழித்துக் கப்பல் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது.

ஜெனோவுக்காக வாதாடும் அந்த ஊர் வக்கீல், அவன் குடும்பத்தோடு பேசியது ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னார். ரூபி ஒன்றையும் விடாமல் அனுப்பினாள். மகளின் பல்வலியைப் பற்றி விசாரிக்கிறான், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறான், கப்பல் சமையலைத் திட்டுகிறான். இதைக் கேட்டால் யாருக்கும் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தாள். வக்கீல் அவற்றைத் தாக்கல் செய்ய, அங்கத்திய நீதிமன்றம் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டது.

மொழிபெயர்ப்பு மின்னஞ்சலில் வந்து சேர 2025 மே ஆகிவிட்டது. ரூபி அதைத் தன் மேசையிலேயே வாசித்தாள். நாற்பத்தோராவது பதிவில் நின்றாள். வாழைப்பழம் ஏற்றிய அன்று ஜெனோ அனுப்பியது அது.

"ஏட்டி, சரக்கு ஏத்தியாச்சு. அப்பாட்ட சொல்லு, எல்லாம் முதல் தரம். நம்ம கடைன்னா ஒரு மணி நேரத்துல தீந்துரும்."

சரக்கு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் போதைப்பொருள் என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் சென்னையில் வளர்ந்தவராம். அங்கே அந்தச் சொல் பாட்டிலுக்கும் பொட்டலத்துக்கும் போய் ரொம்ப நாளாகிறது. கீழே அரசுத் தரப்பின் குறிப்பு: 'அப்பா' என்பவர் இந்தியாவில் விநியோகஸ்தராக இருக்கலாம்.

எதிர் அறையில் இருந்த வக்கீல் காந்திமதிநாதனிடம் தாளைக் கொண்டுபோனாள்.

"அய்யாக்குட்டி அண்ணாச்சி விநியோகஸ்தராமா? எதுக்கு, கத்திரிக்காய்க்கா?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான்தானே சார் அனுப்பினேன்" என்றாள்.

தகட்டில் ஜெனோவின் கைரேகை இல்லை. அவன் துணிப்பெட்டியில் பணம் இல்லை. தகட்டைக் கழற்றத் தெரியும் என்பது போக, அவனைக் குற்றத்தோடு கட்டும் ஒரே கயிறு இந்தப் பதிவுதான். அது அறுந்தால் வழக்கு நிற்காது. நின்றால் பதினைந்து ஆண்டு. அந்த ஊர் வக்கீல் அப்படித்தான் எழுதியிருந்தார்.

"நீ நூறு பக்கம் அடிச்சாலும் அந்த ஊர்க் கோர்ட்டு நம்பாது ரூபிம்மா. சந்தைக்குப் போ. ஆளுக பேசுததை அப்படியே வீடியோ எடு. வெட்டாத, ஒட்டாத" என்றார் காந்திமதிநாதன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ரூபி கைபேசியைப் பிடித்தபடி கடை முன்னால் நின்றாள்.

"மாமா, சரக்குன்னா என்னன்னு சொல்லுங்க."

"என்னம்மா கேள்வி இது? சரக்குன்னா சரக்குதான்."

"தெரியாதவங்களுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க."

அய்யாக்குட்டி தொண்டையைச் செருமினார். "தக்காளி வந்தா தக்காளிச் சரக்கு. வெங்காயம் வந்தா வெங்காயச் சரக்கு. இன்னைக்குச் சரக்கு கம்மி, மழை. போதுமா?"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நெல்லையப்பன் உள்ளே புகுந்தான். "மதினி, ஆளு தெரியாம கேக்குதிய. குற்றாலத்துல சீசனுக்கு வந்திருக்கான்லா, அவன்ட்ட போய் சரக்கு எங்கன்னு கேளுங்க. தக்காளியா காட்டுவான்?"

சந்தையே சிரித்தது. "ஏலே, நீ சாயந்தரம் தேடுததும் அந்தச் சரக்குதானலே!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு அடங்குகிற வரை எல்லாம் பதிவானது.

வீட்டுக்கு வந்து அய்யாக்குட்டி அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அந்தப் பய பேசினதை எடுத்துரும்மா. அதையே பிடிச்சுக்கிடுவாக. எம்பிள்ள அங்கனயே கிடந்துருவான்."

"இன்னொரு தடவ எடுப்போமா?" என்று அவரே கேட்டார். "நான் தனியா பேசுதேன். கதவைச் சாத்திக்கிடுவோம்."

ரூபி அன்று பகலில் வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தாள். நெல்லையப்பன் பேசுவதும் சிரிப்பும் சேர்த்து இருபது வினாடி. அதை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாயங்காலம் மாமனாருக்குக் காப்பி கொடுக்கும்போது சொன்னாள்.

"தகட்டுக்குப் பின்னால எவனோ ஒளிச்சு வச்சதுக்குத்தான் மாமா அவுக உள்ள இருக்காக. நாமளும் ஒண்ணை ஒளிக்கணுமா?"

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ரூபி தன் பெயரில் முதல்முறையாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் அடித்தாள். பெயர், வயது, கணவர் பெயர் என்று வரும் முதல் வரியில் விரல் தவறி இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது. இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொருளும் உண்டு என்று ஒளிக்காமல் எழுதினாள். எது என்பதை, சொல்கிறவர் யார், யாருக்குச் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் அறிய முடியும். என் கணவர் இதைச் சொன்னது, காய்கறிக் கடைக்காரரின் மகனாகத் தன் தந்தைக்கு.

பிறகு மற்ற அறுபத்திரண்டு பதிவுகளையும் மறுபடி கேட்டாள். அதே சொல் பதினோரு இடத்தில் வந்தது. ஆரஞ்சு, உறைந்த மீன், அன்னாசி. ஓரிடத்தில் கப்பலில் பிறந்தநாளுக்கு வந்த பீர். பீரையும் விடாமல் பட்டியலில் சேர்த்தாள். பத்திரத்தையும் வீடியோவில் பேசியதையும் காந்திமதிநாதன் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். வெட்டாத வீடியோவும் கூடவே போனது.

ஆகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. பழைய மொழிபெயர்ப்பை நிறுத்திவைத்து, வேறொருவரை வைத்து நாற்பத்தோராவது பதிவை மறுபடி கேட்கும்படி நீதிபதி உத்தரவிட்டிருந்தார். வீடியோ தன்னைக் குழப்பவில்லை என்றும், பத்திரத்தில் சொன்னதும் சந்தையில் பேசியதும் ஒன்றாக இருப்பதைக் கவனித்ததாகவும் ஒரு வரி இருந்தது. ரூபி அந்த வரியை மாமனாருக்குத் தமிழில் சொன்னாள். "நெல்லையப்பன்ட்ட இதைச் சொல்லிராதம்மா, தாங்க முடியாது" என்றார் அவர்.

அடுத்த விசாரணை செப்டம்பர் 9. அங்கே காலை பத்து மணி, இங்கே மாலை ஏழரை. காந்திமதிநாதன் அலுவலகக் கணினி முன் உட்கார்ந்து ரூபி காணொளியில் சாட்சி சொல்கிறாள். தமிழில். புதிய மொழிபெயர்ப்பாளர் தென்காசிப் பக்கத்துச் சங்கரன்கோவில்காரர்.