கதவுக்காரரின் ஜனவரி

மேல் கீலின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, கதவை ஒற்றை விரலால் தள்ளுகிறார் கதவுக்காரர். அது பாதி தூரம் போய் நிற்கிறது. முனகல் இல்லை, ஆட்டம் இல்லை. "விட்ட இடத்துல நிக்குது பாருங்க. சொன்ன பேச்சைக் கேக்குற கதவு," என்கிறார் வீட்டுக்காரரிடம். உதட்டிடுக்கில் மிச்சமான இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும்போதே இவ்வளவும் பேசுவார். பழக்கம்தான்.

கதவைத் தவிர வேறு எந்த வேலைக்கும் வரமாட்டார். அலமாரி, கட்டில் என்று யாராவது ஆரம்பித்தால் காது கேளாதவர் போலக் கருவிகளை அடுக்குவார். ஜன்னல் என்றால் மட்டும் பதில் வரும். "எட்டிப் பாக்குற சோலியெல்லாம் நமக்கு ஆகாதுங்க. போக வர ஒரு வழி வேணும்னா சொல்லுங்க, செய்றேன்."

இப்படிப்பட்டவரிடம் போய், குளியலறைக்குக் கதவு மாட்ட அழைத்த ஒரு சரித்திரப் பேராசிரியர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஜனவரி என்ற பெயரே கதவில் இருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். ரோமாபுரியில் ஜானஸ் என்று வாசலுக்கென்றே ஒரு தெய்வம் இருந்ததாம். முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். போன வருஷத்தை ஒன்று பார்க்கும், வரப்போகும் வருஷத்தை இன்னொன்று பார்க்கும். அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான் மாதத்துக்கு வைத்தார்கள். அவ்வளவுதான், அன்றைக்கே அந்த மாதம் முழுவதையும் இவர் எழுதி வாங்கிக்கொண்டார். ஜனவரி பிறந்தால் சவரம் செய்த முகமும் சலவைச் சட்டையுமாகத்தான் வேலைக்குப் போவார். "நம்ம மாசம்ல," என்பார்.

"அப்போ பிப்ரவரி யாருதுங்க?" என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

"அது சுத்தம் பண்ற மாசமாம். பெயிண்டர் எடுத்துக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல."

அந்தத் தெய்வத்தின் கோயில் கதவை, போர் நடக்கும்போது திறந்து வைப்பார்களாம், சமாதானம் வந்தால் மூடுவார்களாம். இதைக் கேட்பவர்கள் எல்லோரும் தலைகீழாக இருக்கிறதே என்பார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்காருவார். இந்த விளக்கம் பேராசிரியர் சொன்னதல்ல, இவருடைய சொந்தச் சரக்கு. "சண்டைக்குப் போனவன் திரும்பி வரணும்ல? சாத்தி வச்சா எப்படி வருவான்?"

ஊருக்கே இதைச் சொன்னவருக்கு ஒரே மகள். மரக்கதவு செய்து மாட்டிச் சம்பாதித்த காசில்தான் அவளைப் படிக்க வைத்தார். அவள் போய்ச் சேர்ந்த இடமோ, தொழிற்சாலையில் கதவு செய்து விற்கும் கம்பெனி. இவர் பார்வையில் அதெல்லாம் கதவே இல்லை, அட்டை. "அட்டை விக்கிறவளுக்கு இந்த வீட்ல என்ன வேலை? அந்தக் கதவு போட்ட வீடாப் பாத்துப் போய் இரு," என்று ஒரு நாள் வாய் தவறிவிட்டது. அவளும் இவர் பெற்ற பெண்தானே, அப்படியே செய்தாள். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாள். வருஷம் ஒன்றாகிவிட்டது. ஊரெல்லாம் வாய் ஓயாதவர், சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடுகிறார். மகள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. கேட்டால், "அவளா வரட்டும்," என்பதோடு சரி.

இந்த ஜனவரியில் மனைவி மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "அவ வீட்டு வாசக்கதவு ஒழுங்கா சாத்தலையாம். ரெண்டு நாளா நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுப் படுக்குறா."

"அவங்க கம்பெனிக் கதவுதான?" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் அப்பவே சொன்னேன்."

"சண்டைன்னா கதவத் தொறந்து வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நம்ம வீட்ல ஏன் சாத்தி வச்சிருக்கீங்க?"

அவர் எழுந்தார். கருவிப் பெட்டியை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வேலைக்குத்தான் போறேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மகள் "வாங்க" என்றாள். அப்பா என்று சேர்க்கவில்லை. கதவைக் காட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அட்டை என்ற சொல் எப்போது வரும் என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்தச் சொல் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கதவைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். மேல் கீலுக்குக் குட்டை ஸ்க்ரூவைப் போட்டிருந்தார்கள். அது நெகிழ்ந்து கதவு தொங்கியிருந்தது. நீள ஸ்க்ரூவாக மாற்றினார். பிறகு, கீலிடமே பேசுவது போல, "கதவு நல்ல கதவுதான். மாட்டுனவன்தான் சரியில்ல," என்றார்.

"மாட்டுனதும் எங்க கம்பெனி ஆளுதான்."

"இருக்கட்டும். கதவு நல்ல கதவு."

அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அடுப்பங்கரைக்குள் போனாள். பால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். சுகமாக மூடிக்கொண்டது. பெட்டி உள்ளே இருக்கிறது. பூட்டவில்லை, கைப்பிடியைத் திருகினால் திறந்துவிடும். அவர் திருகவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, விரலை மடக்கிக் கதவை இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்து, விருந்தாளியைப் போல நின்றார்.